மண்ணெண்ணெயில் பழகிய கால்

1983 யூன் 20 — ரூ. 75.00
1983 யூலை 22 — ரூ. 48.50
1990 யூன் 15 — ரூ. 0.00
1991 ஆகஸ்ட் 4 — ரூ. 55.00
1995 ஏப்ரல் 5 — ரூ. 1,840.00

முதலாவது, புதியவர்களுக்கான காரோட்டப் போட்டி ஒன்றின் நுழைவுக் கட்டணம். இரண்டாவது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மூன்றாம் வகுப்பு ரயில் சீட்டு. மூன்றாவது, மயிலிட்டியில் விட்டுவிட்டு வந்த லொறிக்குக் கிடைத்த விலை. நான்காவது, நூறு மில்லிலீற்றர் பெற்றோல். ஐந்தாவது, அச்சுவேலியிலிருந்து நுவரெலியா வரை போய்ச் சேர்ந்த செலவு. ஐந்தும் அடைக்கலநாதன் லியோன் என்பவருடையவை. பதினோராம் வயதில் தொடங்கி, சம்பளத்துக்கு ஓடும் பந்தயச் சாரதியாக வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றையும் கேட்டதாக எனக்குத் தெரியாது. நான் அவரை அறிந்தபோது அவருக்கு வயது பதினேழு. ஆகையால் இதில் அவன் என்றே எழுதுகிறேன்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை வாயிலில் நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் நேரப் பதிவாளராக இருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் ஒவ்வொரு லொறியும் கல் வெட்டும் இடத்தில் புறப்பட்ட நேரத்தைத் துண்டில் கொண்டுவரும். வந்து சேர்ந்த நேரத்தை நான் எழுதுவேன். 1983 மார்ச் மாத முடிவில் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது, மற்ற லொறிகள் சராசரியாக முப்பத்தொரு நிமிடம் எடுத்த பாதையை ஒரு லொறி மட்டும் இருபத்து நான்கு நிமிடத்தில் கடந்திருந்தது. ஒரு நாள் அல்ல, நாற்பத்திரண்டு நடை. வேகமாக ஓடினால் கல் சிந்தும், நிறை குறையும். இந்த லொறியில் நிறையும் குறையவில்லை. துண்டுகளை ஒருவேளை பொய்யாக எழுதுகிறார்களோ என்று சந்தேகித்து அடுத்த நாள் வாயிலில் நின்றேன்.

லொறி மயிலிட்டிச் சந்தியோகுவுடையது. இறங்கி வந்தது சந்தியோகு அல்ல, அரும்பு மீசைப் பொடியன்.

"ஆர் தம்பி லொறி ஓடினது?"

"நான்தான் ஐயா."

"லைசென்ஸ்?"

"புரட்டாதியிலை பதினெட்டு வயசு. அதுக்குப் பிறகு எடுப்பன்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"மாமாவுக்கு நாரிப்பிடிப்பு ஐயா, இடுப்பு அசையாது. அவர் பக்கத்திலை இருக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லுவார்."

சந்தியோகு அவனுடைய தாய்மாமன். லொறியின் மறுபக்கத்திலிருந்து அவர் எட்டிப் பார்த்து, "செபமாலை சொல்லாட்டில் நான் இதுக்குள்ளை இருக்கேலாது" என்றார்.

லைசென்ஸ் கிடைக்கும் வரை அவன் வாயிலுக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னேன். ஏழு நிமிடம் எப்படி மிஞ்சுகிறது என்று மட்டும் கேட்டேன். "மற்றவை வளைவுக்குள்ளை போய்ப் பிறேக் பிடிக்கினம். நான் வளைவுக்கு முன்னமே பிடிச்சு முடிச்சிடுவன். பேந்து கல்லு அசையாது" என்றான். எங்கே படித்தாய் என்றதற்கு அவன் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்.

1977 சித்திரையில் சந்தியோகு நுவரெலியாவுக்குக் கருவாடு கொண்டுபோனபோது மருமகனையும் ஏற்றிப் போயிருக்கிறார். அங்கே மலைப்பாதையில் காரோட்டப் போட்டி. வீதியைக் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். கருவாட்டு லொறி ஐந்து மணித்தியாலம் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. சுற்றி நின்ற கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியதால் பையனுக்கு நன்றாக இடம் கிடைத்தது. அறுபது கார்களும் அந்த ஒரு வளைவை எப்படி எடுத்தன என்று பார்த்தான். "அதிலை நாலு பேர்தான் ஐயா சரியா எடுத்தவை" என்றான்.

"இப்ப என்ன செய்யப் போறாய்?"

"அங்கை போய் ஓடப் போறன்."

"ஆற்றை காரிலை?"

"அதை இன்னும் யோசிக்கேல்லை."

காரும் அகப்பட்டது. குருநகரைச் சேர்ந்த சூசைதாசன் என்பவர் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் கராச் வைத்திருந்தார். சொந்தமாக இரண்டு பந்தயக் கார்கள் வைத்து, ஆட்களைச் சம்பளத்துக்கு ஓட விடுபவர். சந்தியோகுவின் லொறி அங்கேதான் திருத்தத்துக்குப் போகும். ஆகஸ்டில் புதியவர்களுக்கான போட்டிக்குப் பழைய கார் ஒன்றைத் தரலாம், அதற்குள் லைசென்ஸ் பெற்றுவிட வேண்டும், பொடியன் ஓடுகிற நேரங்களை யாராவது நம்பகமானவர் எழுதி அனுப்ப வேண்டும் என்று அவர் எழுதினார். பதினெட்டு நிரம்ப ஒரு மாதம் குறைந்ததால், பாதிரியாரின் கடிதத்தோடு விசேட அனுமதிக்கு எழுதினார்கள், அதுவும் கிடைத்தது. நேரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

வல்லை வெளியில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டம். பாலத்தடியில் புறப்பட்டு, வெளியின் மறு ஓரத்தில் நான் வைத்த தார்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பப் பாலத்தடிக்கு வரவேண்டும். வெறும் லொறியில்தான் ஓடினான். வீதியில் ஒரு ஆளோ மாடோ தெரிந்தாலும் கொடியைக் காட்டி நிறுத்துவேன் என்பது என் நிபந்தனை. ஐந்து ஞாயிறுகளில் முப்பத்தொரு ஓட்டம் தொடங்கி, இருபதை நிறுத்தினேன். மிஞ்சிய பதினொன்றில் மிகக் குறைந்தது 3 நிமிடம் 58 செக்கன், மிகக் கூடியது 4 நிமிடம் 1 செக்கன். சூசைதாசன் பதில் எழுதினார்: "வேகம் பெரிதல்ல. பதினொரு ஓட்டத்துக்கும் மூன்று செக்கன்தான் வித்தியாசம் என்றால் வரச் சொல்லுங்கள்."

யூலை 26ஆம் தேதிக்கு ரயில் சீட்டு வாங்கியிருந்தான். கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டதால் அந்தத் தேதியில் ரயில் ஓடவில்லை. கொட்டாஞ்சேனைக் கராச்சும் இரண்டு கார்களும் எரிந்து போயின என்றும், சூசைதாசன் அகதி முகாமில் உயிரோடு இருக்கிறார் என்றும் ஆகஸ்ட் 9ஆம் தேதி தெரியவந்தது. லியோன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கவில்லை. போட்டி தள்ளிவைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னான்.

அதன்பின் ஏழு ஆண்டுகள் கல் லொறி ஓடினான். வீதிகள் மூடப்பட்ட நாட்களில் ஓடவில்லை. ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் நத்தாருக்குச் சூசைதாசனுக்கு ஒரு கடிதம் போடுவான். அவர் ஒரு தகரக் கொட்டிலில் மீண்டும் தொடங்கி, முதலில் ஓட்டோ திருத்தி, பிறகு ஒரு கார் வாங்கி, அதைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று பதில் போடுவார். "எப்ப வாறாய்?" என்ற கேள்வி ஆறு கடிதங்களில் இருக்கிறது.

1990 யூனில் சண்டை மூண்டு மயிலிட்டிச் சனம் எல்லாம் வெளிக்கிட நேர்ந்தது. தொழிற்சாலையும் நின்றது. லியோனின் குடும்பம் அச்சுவேலியில் என் வீட்டுக்கு மூன்றாவது வளவில் கொட்டில் போட்டது. லொறி வரவில்லை. அச்சுவேலிச் சந்தையடியில் நடராசாவிடம் ஒஸ்ரின் ஏ நாற்பது வாடகைக் கார் ஒன்று நின்றது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. லியோன் அதை ஓட்டத் தொடங்கினான்.

நடராசா வாய்க்காரர். "ரேஸ்காரன் வாறான், வழிவிடுங்கோ" என்று சந்தை முழுவதும் கேட்கக் கத்துவார். "எடேய் லியோன், இந்தக் காரோடை நுவரெலியா போனியெண்டால் மலை உனக்காகக் கீழை இறங்கி வரவேணும்" என்பார்.

"நீங்கள் வந்து பின்னாலை தள்ளுங்கோவன் அண்ணை" என்பான் இவன்.

அப்போது பெற்றோல் வருவது நின்றுவிட்டது. குடாநாட்டுக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் தானாகப் பற்றாது. கண்மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, கார்ப்பரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆகையால் ஒவ்வொரு சாரதியின் சட்டைப் பையிலும் பேனைக்குப் பதிலாக அந்தப் போத்தல் இருந்தது. மாற்றிய பிறகும் நிம்மதி இல்லை. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் இருமி அணைந்துவிடும். அணைந்தால் மறுபடியும் பெற்றோல். நாளொன்றுக்கு எத்தனை தடவை அணைகிறதோ அத்தனைக்கு நட்டம்.

லியோன் இதற்கு ஒரு வழி கண்டான். வளைவிலும் பள்ளத்திலும் வலது காலை எடுக்காமலே, இடது காலால் பிறேக்கைத் தொடுவான். எஞ்சினின் சத்தம் குறையாமலே கார் வேகம் குறையும். இது பழக ஐந்து மாதம் சென்றது. முதல் மாதத்தில் நாளுக்குச் சராசரி ஒன்பது தடவை அணைந்த கார், ஐந்தாம் மாதத்தில் வாரத்துக்கு ஒரு தடவை அணைந்தது. வாரக் கணக்கை நடராசாதான் எனக்குச் சொல்லுவார்; அவர் இதிலாவது பொய் சொன்னதில்லை.

1991 நவம்பரில் எங்கள் ஒழுங்கை நல்லம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். குண்டும் குழியுமான பதினொரு மைல். முப்பத்து நான்கு நிமிடம். நல்லம்மா திரும்பி வந்து, "தொட்டிலிலை போன மாதிரி இருந்தது. பிள்ளை வழியிலை நித்திரையாப் போச்சுதோ எண்டு பயந்தன்" என்றாள். அதற்குப் பிறகு கர்ப்பிணிகள் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். அப்படி நூற்றுப் பதினேழு பயணம். நடராசா அவனை "மருத்துவிச்சி" என்று கூப்பிடத் தொடங்கினார்.

1992 மாசியில் யசிந்தாவைக் கலியாணம் செய்தான். குருநகர்ப் பெண், தையல்காரி. அவன் படுக்கையில் கிடந்தும் இடது காலை அசைத்துப் பிறேக் பிடிப்பதாக அவள் என் மனைவியிடம் முறையிட்டாள். "இஞ்சாருங்கோ, பாயிலையாவது காரை நிப்பாட்டி வையுங்கோ எண்டால், அணைஞ்சு போமாம்."

1995 தை மாதத்தில் சண்டை ஓய்ந்தது. மார்ச் 14ஆம் தேதி சூசைதாசனின் கடிதம் வந்தது. அவருடைய சாரதி மணிக்கட்டை முறித்துவிட்டான். ஏப்ரல் 17 திங்கட்கிழமை நுவரெலியாவில் மலையோட்டம். லியோன் வந்து ஒரு தடவை ஓடிக் காட்டட்டும். பிடித்தால் மாதச் சம்பளத்துக்கு எடுப்பேன். கண்டிப் பக்கத்தில் இன்னொரு பொடியனும் இருக்கிறான், அவனையும் பார்க்கிறேன். லியோனுக்கு இருபத்தொன்பது வயது; இனிமேல் காத்திருக்க முடியாது. இவ்வளவும் அரைப் பக்கத்தில் இருந்தது.

குடாநாட்டை விட்டு வெளியே போக, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் பயண அனுமதி வேண்டும். திரும்பி வருவதற்கு ஒருவரைப் பிணை வைக்க வேண்டும். யசிந்தா தன் பெயரைக் கொடுத்தாள். ஏப்ரல் 24 மாலை ஐந்து மணிக்கு முன் அவன் அனுமதி கொடுத்த கந்தோரில் வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்கள் வராட்டில் என்னைப் பிடிச்சு வைச்சிருப்பினம். எனக்குப் பரவாயில்லை, சாப்பாடு தருவினம்தானே" என்றாள்.

"நான் வருவன்."

"அது தெரியும். நேரத்துக்கு வாங்கோ. அதுதானே உங்கடை தொழில்."

5ஆம் தேதி வெளிக்கிட்டு, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, வவுனியா போய், நுவரெலியாவை 13ஆம் தேதி அடைந்தான். உயிர்த்த ஞாயிறு பூசைக்கு அங்குள்ள கோவிலுக்குப் போனதாகவும், குளிரில் பாட்டு வாயால் வரவில்லை என்றும் எழுதியிருந்தான். மீதியைத் திரும்பி வந்தபின் சொன்னான்.

போட்டியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். இரண்டில் நல்லது கணக்கில் எடுக்கப்படும். திங்கள் காலை கார்களைப் பரிசோதித்தார்கள். சாரதிகளின் உடுப்பையும் தலைக்கவசத்தையும் பார்த்தார்கள். பரிசோதகர் லியோனின் சட்டைப் பையைத் தடவி ஒரு சிறு போத்தலை வெளியே எடுத்தார். சூசைதாசன் பக்கத்தில் நின்றார்.

"இதென்னடா?"

"கண்மருந்துப் போத்தில்."

"கண்ணிலை என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்லை. உள்ளுக்கை பெற்றோல்."

பரிசோதகர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, போத்தலைக் கையை நீட்டி எட்டப் பிடித்தார்.

"கார்த் தாங்கி நிறையப் பெற்றோல் இருக்குது. சட்டைப் பையுக்கை ஏன்ரா பெற்றோல்?" என்றார் சூசைதாசன்.

"ஸ்ராட் பண்ண. நாலு வருசமாக் காலமை சட்டை போட்டால் கை தானா வைச்சிடும் அண்ணை. எனக்குத் தெரியாமல் வைச்சிட்டுது."

சாரதி உடம்பில் எரிபொருள் வைத்திருப்பது பெரிய குற்றம். அவனைப் போட்டியிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சூசைதாசன் அரை மணித்தியாலம் நின்று, யாழ்ப்பாணத்தில் கார் எப்படி ஓடுகிறது என்பதை அவர்களுக்கு விளக்கினார். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து போத்தலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முடிவில் முதல் ஓட்டம் மட்டும் இல்லை என்றார்கள். ஆகவே, மற்றவர்கள் பாதையை ஒரு தடவை வேகத்தில் பார்த்துவிட்டு இரண்டாவதை ஓட, லியோன் தன் ஒரே ஓட்டத்தை, வேகத்தில் ஓடிப் பார்க்காத பாதையில் ஓட வேண்டியதாயிற்று.

சூசைதாசன் மூன்றாவது வளைவில் போய் நின்றார். கார்கள் அந்த இடத்தில் சத்தம் குறைந்து, வளைவு முடிந்து மறுபடி சத்தம் கூடும். லியோனின் கார் வந்தபோது சத்தம் குறையவில்லை. பிறேக் பிடிக்காமல் வருகிறான், பள்ளத்துக்குள் போகப்போகிறான் என்று நினைத்து அவர் பின்னால் பாய்ந்துவிட்டார். கார் வேகம் குறைந்து, வளைவைச் சுற்றி, ஏறிப் போய்விட்டது.

நேரம் 1 நிமிடம் 27.4 செக்கன். பதினொரு பேரில் நான்காவது இடம். மூன்றாவது ஆள் 26.9. பரிசு மூன்று பேருக்குத்தான்.

"மூண்டாம் வளைவிலை என்ன செய்தனி?" என்று கேட்டார் சூசைதாசன்.

"பிறேக் பிடிச்சன்."

"சத்தம் குறையேல்லையே."

"குறைஞ்சால் அணைஞ்சிடும் அண்ணை."

"பெற்றோல் கார் அணையாதடா."

"ஓம் என்ன" என்றான் லியோன். அப்போதுதான் அது தனக்கு விளங்கியதாகச் சொன்னான். அவர் முடிவைக் கடிதத்தில் எழுதுகிறேன் என்றார்.

19ஆம் தேதி சண்டை மீண்டும் தொடங்கியது. அவன் கொட்டாஞ்சேனையில் நின்றான். இப்போது போகாதே, பாதை மூடப்பட்டுவிடும், இங்கேயே நில், கண்டிப் பொடியனை விட்டுவிட்டு உன்னையே எடுக்கலாம் என்று சூசைதாசன் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டது அதுதான். "பிணை வைச்சது வீட்டை இல்லை அண்ணை, யசிந்தாவை" என்று சொல்லி 20ஆம் தேதி அதிகாலை வெளிக்கிட்டான்.

24ஆம் தேதி நான் யசிந்தாவுடன் கந்தோர் வாசலில் மூன்று மணியிலிருந்து நின்றேன். கிளாலியில் இரண்டு இரவு வள்ளம் விடவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். நாலு மணிக்கு அவள் என் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நாலு இருபதுக்கு வாடகைச் சைக்கிளில், சேற்றுக் காலோடு லியோன் வந்து கையெழுத்திட்டான்.

"எத்தினையாவது?" என்றாள் அவள்.

"நாலாவது."

"முன்னுக்கு வந்த மூண்டு பேரும் சட்டைப் பையுக்கை என்ன வைச்சிருந்தவை?"

போத்தல் கதை அவளுக்கு அவனுக்கு முன்பே, வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் மூலம் வந்து சேர்ந்திருந்தது. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, சைக்கிளின் பின்னால் ஏறி இருந்து அவனுடைய முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சூசைதாசனின் முதல் கடிதம் மே 30இல் வந்தது. கண்டிப் பொடியன் லியோனைவிட அரைச் செக்கன் வேகம், ஆனால் இரண்டு ரயரைத் தேய்த்துவிட்டான், இன்னும் தீர்மானிக்கவில்லை என்றிருந்தது. அடுத்த ஏழு கிழமையும் லியோன் வாடகைக்கு ஓடினான். கடிதத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கதைக்கவில்லை. ஆனால் தபாற்காரர் ஒழுங்கைக்குள் வரும் நேரத்தில் எப்படியோ காரை எங்கள் படலையடியில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பான்.

யூலை 19இல் இரண்டாவது கடிதம். "உன்னைத்தான் எடுக்கிறேன். உன்னுடைய கால் ரயரையும் காப்பாற்றும், எஞ்சினையும் காப்பாற்றும். மாதம் நாலாயிரம். கராச்சுக்கு மேலே ஒரு அறை. பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு செப்டெம்பர் முதலாம் தேதிக்கு முன் வா."

இருவரும் ஒன்றாகப் போவதென்றால் பிணைக்குச் சொத்துள்ள வேறொருவர் வேண்டும். என்னிடம் ஓய்வூதியப் புத்தகம் மட்டும்தான். வீடு மகளின் பெயரில். கந்தோரில் அது போதாது என்றுவிட்டார்கள். மூன்று நாள் வீடு வீடாகக் கேட்டோம். நாலாம் நாள் நடராசா தானாகவே வந்தார்.

"என்னைக் கேக்காமல் ஊரெல்லாம் திரியிறியளாம்."

"கார் ஓட ஆளில்லாமல் போயிடும் அண்ணை. அதுதான் கேக்கேல்லை" என்றான் லியோன்.

"உந்தக் காருக்கு இனி ஆள் என்னத்துக்கு? எஞ்சின் முடிஞ்சுது. எழுது என்ரை வீட்டை."

"திரும்பி வராட்டில் வீடு போயிடும்" என்று நான் எச்சரித்தேன்.

"உவன் திரும்பி வரமாட்டான் ஐயா. வந்தால் நான்தான் கல்லாலை எறிவன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஆகஸ்ட் 21 திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு இருவரும் வெளிக்கிட்டார்கள். யசிந்தா தையல் மெசினின் தலைப்பகுதியை மட்டும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனாள்.

ஒக்ரோபரில் சண்டை நெருங்க, அச்சுவேலியை விட்டு நாங்களும் வெளிக்கிட்டோம். மீசாலையில் ஒரு பாடசாலையின் மூன்றாம் வகுப்பறையில் நானும் மனைவியும், அதே அறையின் மறு மூலையில் நடராசா குடும்பமும் இருந்தோம். வீட்டைப் பிணை கேட்க யாரும் வரவில்லை. பிணை எழுதிய கந்தோரும் எங்களோடு இடம்பெயர்ந்திருந்தது. லியோனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. "ரேஸ்காரன் வேகமாப் போய் எங்களை மறந்திட்டான்" என்று நடராசா நாளுக்கு ஒரு தடவை சொல்லுவார். நான் முகவரி இல்லாதவர்களுக்கு எப்படிக் கடிதம் வரும் என்பேன்.

அச்சுவேலித் தபாற்காரரும் மீசாலைக்குத்தான் வந்திருந்தார். ஒரு நாள் பின்னேரம் அவர் வகுப்பறை வாசலில் நின்று, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல என் பெயரைக் கூப்பிட்டார். உறையில் என் அச்சுவேலி முகவரி மூன்று தடவை வெட்டி எழுதப்பட்டிருந்தது. நடராசாவுக்குக் கண் தெரியாததால் உரக்க வாசித்தேன்.

நவம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை தென்பகுதியில் நடந்த போட்டியில் லியோன் ஓடியிருக்கிறான். பதினாறு பேர். இரண்டாம் இடம். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும், நான் கேட்பேன் என்று தெரிந்து, தசமத்தோடு எழுதியிருந்தான். பன்னிரண்டு சுற்றுக்கும் வித்தியாசம் ஒரு செக்கனுக்குள். பந்தயச் சாரதி என்று தொழில் குறிப்பிடப்பட்ட அனுமதிப் பத்திரம் வந்துவிட்டது. அதன் இலக்கத்தையும் எழுதியிருந்தான். மூன்று மாதச் சம்பளமும் தேதி தவறாமல் கிடைத்திருக்கிறது. அடியில் யசிந்தா இரண்டு வரி எழுதியிருந்தாள்: இவர் ஓடும்போது நான் கண்ணை மூடுவதில்லை, அடுத்த பந்தயத்துக்கு முந்தி எங்களுக்குப் பிள்ளை பிறந்துவிடும்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் நடராசா. வாசித்தேன். பிறகு உறையின் பின்புறத்தில் கிடைத்த தேதியை எழுதினேன்: 1995 டிசம்பர் 11, திங்கட்கிழமை.